பாஸ்தா சாஸுக்கு எந்தக் கிரீம்? வாங்குவதிலிருந்து மிச்சத்தைச் சூடாக்குவது வரை

சமையல் வீடியோவில் "ஹெவி கிரீம் ஒரு கப்" என்று சொன்னதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால், அந்தப் பெயர் போட்ட பாக்கெட் நம் ஊர் மளிகைக்கடையில் பெரும்பாலும் இருக்காது. ஃப்ரெஷ் கிரீம் இருக்கும். குக்கிங் கிரீம் இருக்கும். பெரிய கடையாக இருந்தால் விப்பிங் கிரீம் இருக்கும். ஃப்ரீசரைத் திறந்தால் விப் டாப்பிங் என்று இன்னொன்று இருக்கும். எடுத்துக் கொடுக்கும் தம்பியைக் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்பார். ஒன்றில்லை. இந்த நான்கில் ஒன்று தக்காளி சாஸில் நன்றாகச் சேரும், ஒன்று கவனமாகக் கையாண்டால் சேரும், ஒன்று கொஞ்சம் நீர்த்துப்போகும், கடைசியாகச் சொன்னது உங்கள் பாஸ்தாவை இனிப்புப் பண்டமாக்கிவிடும்.

பாக்கெட்டின் முன்பக்கத்துப் பெயரை விடுங்கள். பின்பக்கம் திருப்பி, 100 கிராமில் கொழுப்பு எவ்வளவு என்ற எண்ணைப் பாருங்கள். கிரீம் சாஸ் நன்றாக வருவதும் வராததும் முக்கால்வாசி அந்த எண்ணிலேயே முடிவாகிவிடுகிறது. மீதிக் கால்வாசி, அடுப்பின் தீயை எவ்வளவு அடக்கி வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

ஊருக்கு ஒரு பெயர்

ஹெவி கிரீம் என்பது அமெரிக்கப் பெயர். அங்கே அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் பால் கொழுப்பு குறைந்தது 36 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். 30 முதல் 36 சதவீதத்துக்குள் இருப்பது லைட் விப்பிங் கிரீம். காபிக்கு ஊற்றிக்கொள்ளும் ஹாஃப் அண்ட் ஹாஃபில் 10.5 முதல் 18 சதவீதம்தான். பிரிட்டனில் இதே வரிசைக்கு வேறு பெயர்கள்: சிங்கிள் கிரீம் 18 சதவீதம், விப்பிங் கிரீம் 35 சதவீதம், டபுள் கிரீம் 48 சதவீதம். கனடாவில் 35 சதவீத விப்பிங் கிரீம் என்று எண்ணோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 'திக்கன்ட் கிரீம்' என்பதில் சுமார் 35 சதவீதக் கொழுப்போடு கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்ந்திருக்கும்.

இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது ஃப்ரெஷ் கிரீம். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் 25 சதவீதக் கொழுப்பு. அமெரிக்க வீடியோவில் சொல்லும் 36-க்கும் நம் கையில் இருக்கும் 25-க்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்காமல், அவர்கள் சொன்ன அளவையும் நேரத்தையும் அப்படியே பின்பற்றுவதால்தான் சாஸ் தண்ணீராக நிற்கிறது அல்லது திரிகிறது. குற்றம் கிரீமில் இல்லை. 25 சதவீதக் கிரீமுக்கு 25 சதவீதத்துக்கான சமையல் வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். இங்கிருந்து நான் சொன்ன அளவுக்கு அவள் டபுள் கிரீம் ஊற்றிவிட்டு, "அக்கா, பாஸ்தா களி மாதிரி ஆயிடுச்சு" என்று போன் செய்தாள். 48 சதவீதம் என்றால் அப்படித்தான் ஆகும். அந்தக் கிரீமை நம் அளவில் பாதிக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு, மீதிக்குப் பாலோ பாஸ்தா வெந்த நீரோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கொழுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்

பாலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து பன்னீர் எடுத்திருப்பீர்கள். அங்கே என்ன நடக்கிறதோ, அதுவேதான் கிரீம் சாஸ் திரியும்போதும் நடக்கிறது. பாலில் இருக்கும் கெசீன் என்ற புரதம், மிக நுண்ணிய துகள்களாக ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கிறது. புளிப்பு சேர்ந்தால் அந்த விலக்கும் தன்மை போய், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சூடும் சேர்ந்தால் இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

கிரீமில் கொழுப்பு ஏற ஏறப் புரதம் குறைகிறது. 100 கிராம் பாலில் 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கும். 36 சதவீதக் கிரீமில் 2 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். போதாததற்கு, அந்தக் கொஞ்சப் புரதத்தையும் கொழுப்பு உருண்டைகள் சூழ்ந்து நின்று, ஒட்டிக்கொள்ள விடாமல் தடுக்கின்றன. அதனால்தான் கெட்டிக் கிரீமைச் சுண்டக் காய்ச்சலாம், தக்காளி சேர்க்கலாம், அசையாமல் நிற்கும். 25 சதவீதக் கிரீம் நடுவில் இருக்கிறது. கொதிக்க விட்டுப் புளிப்பும் சேர்த்தால் திரியலாம். சிம்மில் வைத்து நிதானமாகச் சேர்த்தால் திரியாது. பாலை நேராகத் தக்காளியில் ஊற்றினால் பன்னீர்தான்.

கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

முதலில் கொழுப்பின் எண். 25-க்குக் கீழே இருந்தால், வெண்ணெயும் சீஸும் மட்டும் போடும் வெள்ளை சாஸுக்குச் சரிப்படும், தக்காளிக்கு வேண்டாம். 30 முதல் 36 வரை இருந்தால் எதற்கும் துணிந்து வாங்கலாம்.

அடுத்தது சேர்பொருள் பட்டியல். பால் கொழுப்பு, பால் திடப்பொருள், நிலைப்படுத்தி, இவ்வளவோடு முடிந்தால் அது பால் கிரீம். நிலைப்படுத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நீரும் கொழுப்பும் பிரியாமல் பிடித்துவைக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள், சாஸுக்கு அது ஒத்தாசைதான். பட்டியலில் தாவரக் கொழுப்பு, பாமாயில், சர்க்கரை, கார்ன் சிரப் என்று வந்தால் அது கேக்கின்மேல் பூசும் டாப்பிங். அதை பாஸ்தாவில் ஊற்றினால் இனிப்பு மட்டுமல்ல, சூட்டில் உருகி எண்ணெய்ப் பிசுக்காக நாக்கில் ஒட்டும். ஏமாறுவது எளிது, ஏனென்றால் அதிலும் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி இருக்கும். பால் கிரீமிலும் அதே புள்ளிதான். புள்ளி இதற்கு உதவாது, பட்டியலைத்தான் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பாக்கெட் இருந்த இடம். காகிதப் பெட்டியில் வரும் உயர்வெப்பப் பதனக் கிரீம், பிரிக்கும்வரை ஃபிரிட்ஜ் இல்லாமலே தாங்கும். குளிரூட்டியில் வைத்து விற்கும் கிரீம் அப்படியில்லை. சித்திரை வெயிலில் வண்டியின் பின்னால் அரை மணி நேரம் ஆடிக்கொண்டு வந்தாலே அதன் ஆயுள் குறையும். துணிப்பையில் தயிர்ப் பாக்கெட்டோ ஐஸோ பக்கத்தில் வைத்து எடுத்து வாருங்கள். எந்தப் பாக்கெட்டானாலும் உப்பியிருந்தால் தொடாதீர்கள்.

அளவு: 250 மில்லி பாக்கெட் ஒன்று, 250 கிராம் பாஸ்தா, மூன்று பேர். இது எனக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. கடைப் பாஸ்தா பெரும்பாலும் அரைக் கிலோவாக வருவதால், பாதியைக் கட்டி வைத்துவிடலாம். பாஸ்தா பாக்கெட்டில் 'டூரம் கோதுமை ரவை' என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மைதாவில் செய்தது சாஸில் புரட்டும்போதே குழைந்துவிடும்.

25-ஐ 34 ஆக்கும் கணக்கு

ஃப்ரெஷ் கிரீம் மட்டும்தான் கிடைக்கிறது, ஆனால் கெட்டிக் கிரீமின் பிடிப்பு வேண்டும் என்றால் வெண்ணெய் இருக்கிறது. கணக்கு எளிது. 250 கிராம் கிரீமில் 25 சதவீதம் என்றால் 62.5 கிராம் கொழுப்பு. வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. 50 கிராம் வெண்ணெய் சேர்த்தால் இன்னொரு 40 கிராம். ஆக மொத்தம் 300 கிராம் கலவையில் 102.5 கிராம் கொழுப்பு, அதாவது 34 சதவீதம். ஹெவி கிரீமுக்கு ஒரு முழம் பக்கத்தில் வந்துவிட்டோம்.

வெண்ணெயை உருக்கிக் கிரீமில் அப்படியே கொட்டினால் மேலே மிதக்கும். வாணலியில் வெண்ணெய் உருகியதும், கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விஸ்க்கால் அல்லது மத்தால் விடாமல் கலக்கினால் சேர்ந்துகொள்ளும். நம் கடைகளில் பெரும்பாலும் உப்பு போட்ட வெண்ணெய்தான் கிடைக்கிறது. அதைச் சேர்க்கிறீர்கள் என்றால் சாஸில் தனியாக உப்பே போடாதீர்கள். கடைசியில் ருசி பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மட்டும்.

இன்னொரு வழி சுண்டவைப்பது. 250 கிராம் கிரீமைச் சிறு தீயில் 200 கிராம் ஆகும்வரை சுண்டவைத்தால் கொழுப்பு 31 சதவீதத்தைத் தொடும். ஆனால் கூடவே புரதமும் அடர்ந்துவிடுவதால், தக்காளி சாஸுக்கு நான் இதைச் செய்வதில்லை. வெள்ளை சாஸுக்கு மட்டும்.

வீட்டுப் பாலேட்டைப் பயன்படுத்தலாமா என்று பல பேர் கேட்பார்கள். ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் மாதிரி 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் நல்ல தடித்த ஏடு கட்டும். இரண்டு மூன்று நாள் ஏட்டைச் சேர்த்து, ஒரு கரண்டி பாலும் விட்டு மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் சுற்றினால் மென்மையான கிரீம் கிடைக்கும். நிறைய நேரம் ஓடவிட்டால் வெண்ணெய் திரண்டுவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வெண்ணெய் எடுப்பதற்காகத் தயிர் உறை போட்டுச் சேர்த்துவைக்கும் ஏடு இதற்கு உதவாது. அது ஏற்கெனவே புளித்தது. சூடான சாஸில் விழுந்ததும் குருணை குருணையாகிவிடும். பாஸ்தாவுக்கான ஏட்டைத் தனிக் கிண்ணத்தில் சேருங்கள், மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

வெள்ளை சாஸ், படிப்படியாக

ஆல்ஃபிரடோ என்ற பெயரில் நாம் செய்யும் வெள்ளை சாஸுக்கு அந்தப் பெயர் ரோம் நகரத்து உணவகக்காரர் ஆல்ஃபிரடோ டி லெலியோவிடமிருந்து வந்தது. அவர் செய்ததில் கிரீமே கிடையாது. வெண்ணெய், பர்மேசான் சீஸ், பாஸ்தா வெந்த நீர், மூன்றையும் சூட்டில் வேகமாகப் புரட்டினால் அதுவே கிரீம்போல் ஒட்டிக்கொள்ளும். கிரீம் ஊற்றும் பழக்கம் அமெரிக்காவில்தான் வேரூன்றியது. இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் அந்த வெந்த நீர். கிரீம் ஊற்றினாலும் அது இல்லாமல் சாஸ் முழுமையாகாது. அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்து, கொழுப்பையும் நீரையும் ஒன்றாகப் பிடித்துவைக்கிறது. நம் பாட்டிமார் கஞ்சியைக் கீழே கொட்டமாட்டார்கள், பாஸ்தா கஞ்சியையும் கொட்டாதீர்கள்.

தேவை: பாஸ்தா 250 கிராம், கிரீம் 250 மில்லி, வெண்ணெய் 40 முதல் 50 கிராம், பூண்டு 6 பல், துருவிய கெட்டிச் சீஸ் 60 கிராம், அப்போது இடித்த மிளகு. கொடைக்கானல் மலைப்பூண்டு கையில் இருந்தால் 3 பல் போதும், அதன் காரம் கிரீமை அமுக்கிவிடும்.

1. சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கிரீமை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த கிரீம் சூடான பாத்திரத்தில் விழும் அதிர்ச்சியே பாதித் தொல்லைக்குக் காரணம். பாக்கெட்டை நன்றாகக் குலுக்குங்கள், அடியில் நீர் தங்கியிருக்கும்.

2. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கோபுரமாக ஒரு மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சாஸ் வழுக்கி ஓடும். பாக்கெட்டில் 10 நிமிடம் என்றிருந்தால் 8 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரிந்தால் பதம் சரி. மீதி வேக்காடு சாஸில் நடக்கும்.

3. பாஸ்தா வேகும்போதே பக்கத்து அடுப்பில் அகலமான வாணலியைச் சிம்மில் வையுங்கள். வெண்ணெய் உருகியதும் நசுக்கிய பூண்டு. வாசனை வர வேண்டும், நிறம் மாறக் கூடாது. பூண்டு சிவந்தால் சாஸ் முழுக்கக் கசப்பு ஏறும்.

4. கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். தீ சிம்மிலேயே இருக்கட்டும். ஓரங்களில் சின்னக் குமிழிகள் எழும்ப வேண்டும், நடுவில் தளபுள என்று கொதிக்கக் கூடாது. மூன்று நான்கு நிமிடம். கரண்டியைத் தோய்த்து எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு மூடாமல் நின்றால் போதும்.

5. பாஸ்தாவை வடிகட்டியில் கொட்டாமல், இடுக்கியாலோ சல்லடைக் கரண்டியாலோ எடுத்து நேராக வாணலிக்கு மாற்றுங்கள். ஒரு கரண்டி கஞ்சி ஊற்றி, ஒரு நிமிடம் புரட்டுங்கள். முதலில் தண்ணீராகத் தெரியும், பதற வேண்டாம். புரட்டப் புரட்ட சாஸ் பளபளவென்று ஒட்ட ஆரம்பிக்கும்.

6. அடுப்பை அணையுங்கள். அரை நிமிடம் பொறுத்து, சீஸை மூன்று தவணையாகத் தூவிப் புரட்டுங்கள். எரியும் அடுப்பில் சீஸைப் போட்டால் அதன் புரதம் சுருங்கிப் பந்தாக உருண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும், கொழுப்பு தனியாக வழியும்.

7. தட்டில் வைக்கும்போது சாஸ் நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்க வேண்டும். மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். இறுகியே போயிருந்தால் இன்னும் அரைக் கரண்டி கஞ்சி. மிளகு கடைசியில்.

சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. பர்மேசானின் அசலான பார்மிஜானோ ரெஜானோ, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னட்டைச் சேர்த்தே செய்யப்படுகிறது. அந்தப் பெயருக்கான விதியே அது. சைவம் கடைப்பிடிக்கும் வீடுகளில் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். பச்சைப் புள்ளியுள்ள இந்தியக் கெட்டிச் சீஸ்களில் நுண்ணுயிர் ரென்னட் பயன்படுத்துகிறார்கள். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் தயாராகும் கெட்டிச் சீஸ் வகைகள் இந்த சாஸுக்கு மிக நன்றாகப் பொருந்துகின்றன. சாண்ட்விச்சுக்கான பிராசஸ்டு சீஸ் போட்டால் உருகுவது சுலபம், அதில் அதற்கான உப்புகள் சேர்த்திருப்பார்கள். சுவை மட்டும் ஒற்றைச் சுருதியில் நின்றுவிடும்.

தக்காளியோடு கிரீம் சேரும் இடம்

நான் அதிகமாகத் தோற்றதும் அதிகமாகக் கற்றதும் இங்கேதான். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு, கொதித்துக்கொண்டிருந்த தக்காளி விழுதில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிரீமை நேராகக் கவிழ்த்தேன். அரை நிமிடத்தில் சிவப்பு நீரில் வெள்ளைக் குருணை மிதந்தது. குழந்தைகள் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அன்று அழுகை வந்தது உண்மை. பிறகு ஒருநாள் மோர்க்குழம்பு தாளிக்கும்போதுதான் புரிந்தது, இந்த வித்தை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று. மோர் ஊற்றியபின் யாராவது குழம்பைக் கொதிக்க விடுவோமா? நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம். கிரீமுக்கும் அதே மரியாதை வேண்டும்.

தக்காளியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். ரசத்துக்கு உகந்த நாட்டுத் தக்காளி இங்கே வேண்டாம், அதன் புளிப்பு கிரீமுக்குப் பகை. சதைப்பற்றான பெங்களூர் தக்காளியை நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து வாங்குங்கள். 250 மில்லி கிரீமுக்கு 400 கிராம் தக்காளி போதும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டுத் தோலுரித்து, விதையை வழித்துவிட்டு மசியுங்கள். எவர்சில்வர் அல்லது நான்-ஸ்டிக் வாணலியில் செய்யுங்கள். இரும்பிலும் அலுமினியத்திலும் தக்காளியின் புளிப்பு உலோக வாடையை இழுத்துவிடும்.

ஆலிவ் எண்ணெய் இரண்டு கரண்டி, பூண்டு, ஒரு சின்ன வெங்காயம் பொடியாக நறுக்கியது, பிறகு தக்காளி. பச்சை வாசனை போய், விழுது சுருண்டு வரும்வரை 15 நிமிடமாவது வதக்குங்கள். நம் கை பழகிய பழக்கம் எண்ணெய் பிரியும்வரை காத்திருப்பது. இந்தக் கட்டத்தில் அது நல்லதுதான். ஆனால் கிரீம் சேர்ந்தபிறகு எண்ணெய் பிரிந்தால், குழம்பில் அது பக்குவத்தின் அடையாளம், இங்கே சாஸ் உடைந்ததன் அடையாளம். இதை மனதில் மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகும்.

தக்காளி ரொம்பப் புளிப்பாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவோம். நாக்குக்கு அது இதமாக இருக்கும், ஆனால் புளிப்பு அங்கேயேதான் இருக்கிறது, கிரீமைத் திரிக்கும் வேலையை அது செய்தே தீரும். புளிப்பையே குறைக்க வேண்டுமென்றால் அரைக்கால் தேக்கரண்டி சமையல் சோடா. நுரைத்து அடங்கும்வரை காத்திருங்கள். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும்.

இப்போது அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். கிரீமைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, அதில் சூடான தக்காளி விழுது ஒரு கரண்டி விட்டுக் கலக்குங்கள். இன்னொரு கரண்டி. இன்னொன்று. கிரீம் வெதுவெதுப்பாகி, ரோஜா நிறம் ஏறியதும், மொத்தத்தையும் வாணலியில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பிறகே அடுப்பை மறுபடி பற்றவைக்க வேண்டும், அதுவும் மிகச் சிறிய தீயில். ஆவி பறக்க வேண்டும், குமிழி வரக் கூடாது. பாஸ்தாவும் அரைக் கரண்டி கஞ்சியும் சேர்த்துப் புரட்டி இறக்குங்கள். முதல் சில தடவைகளுக்கு, கிரீமைக் கிண்ணத்தில் ஊற்றும்போதே அரைத் தேக்கரண்டி சோளமாவைக் கரைத்துக்கொண்டால் பயமில்லாமல் செய்யலாம். மாவுச்சத்து, புரதத் துகள்களுக்கு நடுவே நின்று அவை ஒட்டுவதைத் தடுக்கும். கை பழகியபின் அதை விட்டுவிடுங்கள், சுவை தெளிவாக இருக்கும்.

எலுமிச்சை பிழிய ஆசைப்பட்டால் தட்டில் வைத்தபிறகுதான். தோலைத் துருவிப் போட்டால் மணம் கிடைக்கும், புளிப்பும் ஏறாது. நான் அதைத்தான் செய்கிறேன்.

உடைந்துவிட்டால்

இரண்டு விதமாக உடையும், இரண்டுக்கும் மருந்து வேறு. மேலே எண்ணெய் மினுங்கி, அடியில் சாஸ் நீர்த்திருந்தால் கொழுப்பு பிரிந்திருக்கிறது. இதை மீட்கலாம். உடனே அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு கரண்டி கஞ்சியோ எடுத்துவைத்த குளிர்ந்த கிரீமோ விட்டு வேகமாகக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். இதற்காகவே ஒவ்வொரு முறையும் கிரீமில் இரண்டு கரண்டியை மிச்சம் வைத்துக்கொள்கிறேன்.

குருணை தெரிந்தால் புரதம் திரிந்துவிட்டது. அதைப் பழையபடி ஆக்க முடியாது. பாஸ்தா சேர்ப்பதற்கு முன்பென்றால், சாஸை நன்றாக ஆறவிட்டு மிக்ஸியில் அடித்தால் குருணை நொறுங்கி, பார்வைக்கும் வாய்க்கும் ஓரளவு சரியாகும். சூடாக இருக்கும்போது மூடி போட்டு ஓட்டாதீர்கள், ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்துக் கையைச் சுடும். நல்ல கிரீமாக இருந்து சமைக்கும்போது திரிந்ததென்றால் சாப்பிடத் தீங்கில்லை. பாக்கெட்டைப் பிரிக்கும்போதே புளித்த வாடை வந்திருந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

மிச்சக் கிரீம், மிச்சப் பாஸ்தா

பிரித்த பாக்கெட்டைக் கத்தரி வெட்டோடு அப்படியே ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்தாதீர்கள். கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கம், குளிர் நிலையாக இருக்கும் தட்டில் வையுங்கள். பாக்கெட்டில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அதற்குள் முடித்துவிடுங்கள். என் வீட்டில் மூன்று நாள்தான் கணக்கு. வெங்காயம், மீன் எதுவும் பக்கத்தில் திறந்திருக்கக் கூடாது, கொழுப்பு எந்த வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். உருகும்போது நீரும் கொழுப்பும் பிரிந்து மணல்போல் தெரியும், ஆகவே பாஸ்தா சாஸுக்கு அது வேண்டாம். தக்காளி சூப்பிலோ குருமாவிலோ இறக்கும் நேரத்தில் ஒரு கட்டியைப் போட்டுக் கலக்கினால் தெரியாது.

சமைத்த பாஸ்தா மிஞ்சினால் மறுநாள் அது ஒரே கட்டியாக இறுகியிருக்கும். மைக்ரோவேவில் முழுச் சூட்டில் வைத்தால் வெண்ணெய் பிரிந்து வழிந்துவிடும். வாணலியில் முதலில் நான்கு கரண்டி பாலை வெதுவெதுப்பாக்கி, பாஸ்தாவை அதில் உதிர்த்துப் போட்டு, சிம்மில் மூடிவைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லப் புரட்டுங்கள். தக்காளி சேர்த்ததாக இருந்தால் பாலுக்குப் பதில் வெந்நீர். சாஸ் மறுபடி இளகி ஒட்டியதும் இறக்கி, உடனே பரிமாறிவிடுங்கள். டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுக்க மட்டும் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். மதிய மணி அடிக்கும்வரை நம் ஊர் வெயிலில் மூடிய டப்பாவுக்குள் கிரீம் நல்லபடி இருக்கும் என்று நம்ப முடியாது. பள்ளிக்கு வேண்டுமென்றால் பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டுப் புரட்டிக் கொடுங்கள், கிரீமை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.